புது வீட்டுக்குப் பழைய போத்தல் வேண்டாம்

(மண்சரிவு அபாயத்தால் இடம்பெயர்ந்து புதிய குடியிருப்புக்குச் செல்லும் தோட்டக் குடும்பங்களின் கூட்டமொன்றில் ஆற்றிய உரை. வீட்டில் உள்ளவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.)



வீட்டு உறுதி, மின்சார இணைப்பு, தண்ணீர்க் குழாய், பிள்ளைகளின் பாடசாலை மாற்றம் பற்றியெல்லாம் இன்று காலையிலிருந்து கேட்டிருப்பீர்கள். அவை எல்லாம் இந்தக் கையேட்டிலும் இருக்கின்றன. நான் பேச வந்த விஷயம் எந்தப் படிவத்திலும் இல்லை. ஆனால் புதிய வீட்டுக்குள் நாம் கொண்டுபோகும் சாமான்களோடு அதுவும் சேர்ந்து வந்துவிடும். நம் பிள்ளைகளின் கைக்கு மதுசாரம் எப்படிப் போகிறது, அதை எப்படித் தடுப்பது என்பதுதான் அந்த விஷயம்.

யாரையும் குற்றம் சொல்ல நான் வரவில்லை. நானும் ஹட்டன் பக்கத்தில் ஒரு லயத்துக் காம்பராவில் பிறந்தவன். என் அப்பா சம்பள நாளில் குடிப்பார். அண்ணனுக்கு 13 வயதிருக்கும்போது அவரைத்தான் போத்தல் வாங்க அனுப்புவார். நானும் கூடப் போவேன். திரும்பி வரும் வழியில், பீலிக்கு மேலே உள்ள திருப்பத்தில், அண்ணன் மூடியைத் திறந்து ஒரு மிடறு குடித்துவிட்டு, குறைந்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றி மூடுவார். எனக்கு அது பெரிய வேடிக்கை. "அப்பாவை ஏமாத்திட்டோம்" என்று இருவரும் சிரித்துக்கொண்டே இறங்கி வருவோம். அண்ணனை 36 வயதில் ஈரல் நோயில் இழந்தோம். அந்தத் திருப்பத்தைக் கடக்கும்போதெல்லாம் நாங்கள் சிரித்த சிரிப்புத்தான் எனக்கு ஞாபகம் வருகிறது. அன்று ஏமாந்தது அப்பா இல்லை.

அதனால் நான் சொல்லப்போவதை ஓர் அதிகாரியின் பேச்சாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களில் ஒருவன் பேசுகிறேன்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் யாரும் மறக்கவில்லை. அது ஆபத்தான இடம் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். அதன் பிறகு மழைக்காலம் வந்தாலே நமக்குத் தூக்கம் போய்விடுகிறது. அந்தப் பயத்திலிருந்து வெளியே வரத்தான் இந்தப் புதிய வீடு.

ஆனால் இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு வேறொரு ஆபத்து இருக்கிறது. பாடசாலையிலோ கோயில் மண்டபத்திலோ மாதக்கணக்கில் தங்கியிருந்திருப்பீர்கள். பிள்ளைகளுக்கு வகுப்பு விட்டுப்போனது. ஆண்களுக்கு வேலை ஒழுங்காக இல்லை. துக்கம் இருக்கிறது, பயம் இருக்கிறது, பொழுது போகவில்லை. பெரியவர்கள் குடிக்க இது போதும். பெரியவர்கள் குடிக்கும் இடத்தில் மறைவு எதுவும் இல்லாததால் பிள்ளைகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பிறகு நட்டஈடோ உதவித்தொகையோ கைக்கு வருகிறது. மொத்தமாகப் பணத்தைப் பார்த்திராத வீட்டில் மொத்தமாகப் பணம் வந்தால் எந்தக் கடைக்காரன் முதலில் தேடி வருவான் என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்றும் உண்டு. பழைய லயத்தில் ஒரு பையன் தள்ளாடி வந்தால் பத்துக் காம்பராக்காரரும் பார்ப்பார்கள். "இன்னாருடைய மகன்தானே நீ" என்று இஸ்தோப்பில் இருக்கும் கிழவி அதட்டுவார். புதிய இடத்தில் ஏழு பேர்ச் காணியில் தனித்தனி வீடு. அது நமக்குப் பெருமை, 200 வருடம் காத்திருந்து கிடைத்த பெருமை. ஆனால் அந்தக் கிழவியின் கண் அங்கே இல்லை. அந்தக் கண்ணை நாமே மறுபடி உண்டாக்க வேண்டும்.

பிள்ளையின் உடம்பு சின்னப் பெரியவர் உடம்பு அல்ல

"நான் 14 வயசில குடிச்சேன், எனக்கு என்ன ஆச்சு?" என்று ஒரு ஐயா கேட்பார். நியாயமான கேள்விதான். பதிலைக் கேளுங்கள்.

மனிதனுடைய மூளை சுமார் 25 வயது வரை வளர்ந்துகொண்டிருக்கிறது. கடைசியாக முதிர்வது நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி. யோசித்து முடிவெடுப்பதும், ஆசையை அடக்குவதும், "வேண்டாம்" என்று சொல்வதும் அந்தப் பகுதியின் வேலை. மதுசாரம் முதலில் மந்தமாக்குவதும் அதைத்தான். சுவர் கட்டி முடிவதற்குள் அத்திவாரத்தில் தண்ணீரை விட்டால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அமெரிக்காவில் 1990களில் ஆயிரக்கணக்கானவர்களிடம் எடுத்த பெரிய கணக்கெடுப்பில் ஒன்று தெரியவந்தது. 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் பத்துக்கு நான்கு பேர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையாகியிருந்தார்கள். 20 வயதிலோ அதற்குப் பிறகோ தொடங்கியவர்களில் பத்துக்கு ஒருவர்தான் அப்படி. அதனால் ஒரு பிள்ளையின் முதல் மிடறை ஐந்து வருடம் தள்ளிப்போட்டாலே அது பெரிய காரியம். தடுப்பு என்று நான் சொல்வது இதைத்தான். ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்கு ஒரு வருடமாவது தள்ளிப்போடுவதும் வெற்றிதான்.

உடனடி ஆபத்தும் இருக்கிறது. பிள்ளையின் எடை குறைவு, பழக்கமும் இல்லை. பெரியவர் குடிக்கும் அளவைப் போட்டியில் குடித்தால் மூச்சே மந்தமாகிவிடும். வெறும் வயிற்றில் குடித்தால் இரத்தத்தில் சீனி குறைந்து வலிப்பு வரலாம். வாந்தி எடுத்து அது மூச்சுக்குழாய்க்குள் போய் உயிர் போகலாம். மலைப்பாதையில், ஆற்றங்கரையில், தேயிலைக் கான் ஓரத்தில் விழுந்து போனவர்களை நீங்களே அறிவீர்கள்.

மதுசாரம் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவர் அமைப்பு 1988லேயே அறிவித்துவிட்டது. மதுசாரத்தால் வரும் புற்றுநோய்களில் வாய், தொண்டை, உணவுக்குழாய், ஈரல், பெண்களின் மார்பகம் ஆகியவற்றில் வருபவை எல்லாம் அடங்கும். வெற்றிலையும் புகையிலையும் சேர்ந்த வாய்க்கு ஆபத்து இன்னும் அதிகம்.

நாம் நம்பிக்கொண்டிருக்கும் நான்கு விஷயங்கள்

முதலாவது, "குளிருக்கு நல்லது." நுவரெலியாக் குளிரில் இதைச் சொல்லாத ஆள் இல்லை. குடித்ததும் சூடாக இருப்பது உண்மைதான். தோலுக்கு அடியிலுள்ள இரத்தக் குழாய்கள் விரிந்து, உடம்புக்குள் இருக்கும் சூடு வெளியே வருவதால்தான் அப்படித் தோன்றுகிறது. உடம்பு உண்மையில் சூட்டை இழக்கிறது. மழையில் நனைந்த பிள்ளைக்குச் சாராயம் கொடுப்பது போர்வையை உருவி எடுப்பது போல. உலர்ந்த உடுப்பு, சூடான இஞ்சித் தேத்தண்ணீர், கம்பளி போதும்.

இரண்டாவது, "பல் முளைக்கிற பிள்ளைக்கு ஒரு சொட்டு பிராந்தி", "பிள்ளை பெத்தவளுக்குக் கொஞ்சம் பிராந்தி." இரண்டும் கூடாது. கைக்குழந்தைக்குச் சொட்டும் நஞ்சு. தாய் குடித்தால் பாலிலும் சேரும். கர்ப்பமாக இருக்கும்போது குடித்தால் வயிற்றில் இருக்கும் பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அந்தக் கேட்டைப் பிறகு எந்த மருந்தாலும் திருப்ப முடியாது.

மூன்றாவது, "பியர்தானே, சாராயம் இல்லையே." பியரிலும் சாராயத்திலும் இருப்பது ஒரே மதுசாரம்தான், அளவுதான் வேறு. இப்போது கடைகளில் கிடைக்கும் காட்டமான பியர் இரண்டு ரின் குடித்தால் அது சின்ன விஷயமில்லை. இளைஞர்களைப் பிடிக்கும் கதவே பியர்தான்.

நான்காவது, "வீட்டில் எங்கள் முன்னால் குடிக்கட்டும், வெளியில் போய்க் கெட்டுப்போகாது." தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் மகனுக்கு ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுக்கும் அப்பாமார் இருக்கிறார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளைக்குப் போகும் செய்தி வேறு: "ஆம்பிளையானால் குடிக்க வேண்டும், அப்பாவே சொல்லிவிட்டார்." வெளியில் குடிப்பதற்கான அனுமதியை அவன் வீட்டிலேயே வாங்கிக்கொள்கிறான்.

கசிப்பைப் பற்றித் தனியாக

கடைச் சாராயம் விலை ஏறியதும் கசிப்பு தேடிப் போகிறார்கள். போயா நாளில் மதுக்கடை மூடியிருக்கும்போது கசிப்புக்காரருக்குத்தான் வியாபாரம். அதைக் காய்ச்சுவதும், விற்பதும், வைத்திருப்பதும் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அந்தப் போத்தலுக்குள் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது.

2024 ஜூன் மாதம் தமிழ்நாட்டில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். மெதனோல் கலந்த கள்ளச்சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலும் கூலி வேலை செய்யும் நம்மைப் போன்ற குடும்பங்கள். மெதனோல் நிறத்திலோ மணத்திலோ காட்டிக்கொடுக்காது. உடம்புக்குள் போய்ப் பல மணி நேரத்துக்குப் பிறகுதான் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும். பார்வை மங்குவது, வயிற்றுவலி, மூச்சு வாங்குவது என்று தொடங்கும். "தூங்கினால் சரியாகிவிடும்" என்று படுத்தவர்கள் எழுந்திருக்கவில்லை. குடித்த பிறகு கண் மங்கினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பொலிசுக்குப் பயந்து மறைக்காதீர்கள். என்ன குடித்தார் என்று வைத்தியரிடம் உள்ளபடி சொல்வதுதான் உயிரைக் காப்பாற்றும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க, புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபைச் சட்டத்தின்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுசாரமோ சிகரெட்டோ விற்பது குற்றம். 18 இல்லை, 21. "அப்பாவுக்குத்தான் வாங்குகிறான்" என்று கடைக்காரர் சொல்வதை ஏற்காதீர்கள். அவர் விற்கும் ஆள் பிள்ளைதான்.

இதில் நம் பங்கும் இருக்கிறது. பிள்ளையை அந்தக் கடைக்கு அனுப்புவது யார்? போத்தல் வாங்க, கிளாஸ் கழுவ, சோடா கொண்டுவரப் பிள்ளையை அனுப்பாதீர்கள். இன்று இந்தக் கூட்டத்திலிருந்து ஒரே ஒரு விஷயத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடியுமென்றால் இதை எடுத்துச் செல்லுங்கள். இதற்குப் பணமும் தேவையில்லை, உத்தியோகத்தரும் தேவையில்லை.

வெடிப்பு தெரியும்போதே பாருங்கள்

மலை ஒரே நாளில் சரிவதில்லை என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நிலத்தில் வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, மூட முடியாத கதவு என்று முதலில் அடையாளம் காட்டும். பிள்ளையும் அப்படித்தான்.

வகுப்புக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போகாமல் இருப்பது, நண்பர்கள் திடீரென்று மாறுவது, வீட்டில் சின்னச் சின்னக் காசு காணாமல் போவது, வந்ததும் முகம் காட்டாமல் படுத்துவிடுவது, காரணமில்லாத கோபம், வாயில் எப்போதும் இனிப்போ ஏலக்காயோ வாசம். இதில் ஒன்று தெரிந்தால் குடிதான் என்று முடிவு கட்டாதீர்கள். அனர்த்தத்தைப் பார்த்த பிள்ளைக்குத் துக்கத்தாலும் இப்படி இருக்கும். எதுவானாலும் உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

எப்படிப் பேசுவது? குடித்துவிட்டு வந்த இரவில் பேசாதீர்கள், அடிக்காதீர்கள். மறுநாள், கோபம் ஆறிய பிறகு, மற்றவர்கள் முன்னால் இல்லாமல் தனியே பேசுங்கள். "ஏன்டா குடிச்ச?" என்பதை விட "அன்னிக்கு என்ன நடந்தது, சொல்லு" என்று கேட்டால் பிள்ளை வாய் திறக்கும். வீட்டில் நீங்கள் குடிப்பவராக இருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள்: "நான் விட முடியாமல் கஷ்டப்படுகிறேன், நீ தொடங்காதே." உங்கள் பலவீனத்தை ஒத்துக்கொள்வதால் மரியாதை குறையாது.

ஒரு பிள்ளை மயங்கிக் கிடந்தால்

தம்பிமாரே, இதை நீங்கள்தான் கேட்க வேண்டும். கூட்டாளி ஒருவன் விழுந்தால் அங்கே இருக்கப்போவது நீங்கள்தான், நாங்கள் இல்லை.

அவனைத் தனியே விட்டுவிட்டு ஓடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மல்லாக்கப் போடாதீர்கள். தேசிக்காய்த் தண்ணீர், மோர், கோப்பி எதுவும் ஊற்றாதீர்கள், தொண்டையில் அடைக்கும். வாந்தி எடுக்க வைக்க விரலை விடாதீர்கள். பச்சைத்தண்ணீரில் குளிப்பாட்டாதீர்கள், குளிரில் உடம்பு இன்னும் விறைத்துவிடும். போர்த்தி வையுங்கள். எழுப்பினால் எழும்பவில்லை, மூச்சு விட்டு விட்டு வருகிறது, உதடு நீலமாகிறது, வலிப்பு வருகிறது என்றால் உடனே 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள். அது இலவசம். அம்புலன்ஸ் வரும் பாதையில் ஒருவர் போய் நின்று வழி காட்டுங்கள். ஏச்சு விழும் என்று பயந்து பெரியவர்களிடம் சொல்லாமல் இருக்காதீர்கள். ஏச்சு ஒரு நாளில் போய்விடும்.

புதிய குடியிருப்பில் நாம் செய்யக்கூடியது

ஐஸ்லாந்து என்று ஒரு சிறிய நாடு. நம் மலையை விடக் குளிர் அதிகம். 1998ல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 வீதமானோர் முந்தைய ஒரு மாதத்துக்குள் வெறிக்கக் குடித்திருந்தார்கள். 2016ல் அது 5 வீதமாகக் குறைந்தது. அவர்கள் பிள்ளைகளுக்கு வெறும் புத்திமதி சொல்லவில்லை. மாலை நேரத்துக்கு விளையாட்டும் இசையும் ஏற்பாடு செய்தார்கள். இரவில் பிள்ளைகள் வெளியே இருக்கக்கூடிய நேரத்துக்கு எல்லை வைத்தார்கள். பெற்றோர்கள் ஒன்றுகூடி, "எந்த வீட்டிலும் எந்தப் பிள்ளைக்கும் மதுசாரம் கொடுக்கமாட்டோம்" என்று கையெழுத்திட்டார்கள். அவர்களிடம் காசு இருந்தது என்பீர்கள். உண்மைதான். ஆனால் அந்தக் கையெழுத்துக்குக் காசு தேவைப்படவில்லை.

நம்மிடமும் இருப்பது சிறிதல்ல. மாசி மாதம் காமன் கூத்து ஆடும்போது நம் இளைஞர்கள் எத்தனை இரவு ஒழுங்காகப் பழகுகிறார்கள்! தப்பு அடிக்கப் பழகும் பையன், கரப்பந்தாட்டம் ஆடும் பிள்ளை, அறநெறி வகுப்பில் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் தங்கை, இவர்களுக்கெல்லாம் மாலை ஐந்திலிருந்து எட்டு வரை ஓர் இடம் வேண்டும். குடியிருப்பு வரைபடத்தைப் பார்க்கும்போது "பிள்ளைகள் கூடும் இடம் எது?" என்று கேளுங்கள். வீடு கட்டி முடிந்த பிறகு கேட்டால் அந்தத் துண்டு நிலம் கிடைக்காது.

வீடு குடிபுகும் நாளுக்கும் ஒரு வேண்டுகோள். பால் காய்ச்சுங்கள், சாமி கும்பிடுங்கள், சோறு போடுங்கள். அன்று போத்தல் திறக்க வேண்டாம். புது வீட்டில் பிள்ளை பார்க்கும் முதல் விருந்து அது. அன்று எதைப் பார்க்கிறதோ அதைத்தான் தன் வீட்டு வழக்கம் என்று எடுத்துக்கொள்ளும்.

உதவித்தொகை வரும்போது கணவன் மனைவி இருவர் பெயரிலும் வங்கிக் கணக்கு வையுங்கள். ஒரு போத்தல் என்ன விலை என்று கேட்டு, அது எத்தனை நாள் பேருக்குச் சமம் என்று வீட்டில் எல்லாரும் இருக்கும்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். கொழுந்துக் கூடையைச் சுமந்த தோளுக்கு அந்தக் கணக்கு உடனே விளங்கும்.

இன்னொரு காரணத்தையும் மறக்க வேண்டாம். புதிய இடத்திலும் மழை பெய்யும். இரவு இரண்டு மணிக்கு வெளியேறச் சொல்லி எச்சரிக்கை வந்தால், வீட்டில் பிள்ளையைத் தூக்க ஒரு பெரியவராவது நிதானமாக இருக்க வேண்டும்.

குடியை விட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாள்தோறும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். அது மனம் தளர்ந்ததால் வருவதல்ல, உடம்பின் நோய். ஆகவே ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் வைத்தியரைக் கேட்டு நிறுத்துங்கள். 1926 என்ற எண்ணில் மனநல ஆலோசனை கிடைக்கும். பிள்ளைக்கு ஆபத்து என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் எண் 1929. தமிழில் பேசலாம். அவசரத்துக்குப் பொலிஸ் 119. உங்கள் குடும்ப நல உத்தியோகத்தரிடமும் தயங்காமல் சொல்லலாம்.

1927 நவம்பரில் காந்தி இலங்கைக்கு வந்தபோது நம் மலைகளுக்கும் வந்தார். குடியை விடச் சொல்லித் தோட்டத் தொழிலாளரிடம் கேட்டுக்கொண்டார். நம் பாட்டன் பூட்டன்மார் காலத்திலிருந்து இந்தப் பேச்சு நடக்கிறது, இன்னும் முடியவில்லை என்று நீங்கள் சலித்துக்கொள்ளலாம். ஆனால் அன்று அவர்களுக்குச் சொந்தமாக ஒரு கதவுகூட இல்லை. இன்று உங்களுக்குக் கதவும் இருக்கிறது, அதன் திறப்பும் உங்கள் கையில் இருக்கிறது. எதை உள்ளே விடுவது என்பதை இனி நீங்கள்தான் முடிவு செய்யப் போகிறீர்கள்.

கூட்டம் முடிந்து போகும்போது உங்கள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போங்கள். வழியில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: "இனிமேல் உன்னை அந்தக் கடைக்கு அனுப்பமாட்டேன்." இன்றைக்கு அது போதும்.